பதினேழாம் கம்பத்து நொயெமி

"போன்ல 'எஸ், எஸ்'னு மட்டும் சொல்ற அம்மா எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, தலைமையாசிரியை மிஸ் கலெண்டர் விண்ணப்பத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள். ஒருத்தி சுமிந்த்ரா, முச்சந்தியில் சில்லறைக் கடை வைத்திருப்பவள். எங்கள் கரிட்டே பேயில் அவளைச் சுமின் என்றால்தான் தெரியும். மற்றவள் நொயெமி. இரண்டு வருஷத்துக்கு முன் கணவன் வில்மரோடும் மகள் டயர்லினோடும் வெனிசுலாவிலிருந்து படகில் வந்து இறங்கியவள். நாற்பத்தொரு வயது. சுமினைவிட ஆறு வயது மூத்தவள்.

"எதுக்கு மிஸ் தள்றீங்க? எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன்?" என்றாள் சுமின்.

"நீ எழுதினதுதான் பிரச்சினை. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்னு உன் கடை நம்பரைப் போட்டிருக்கே. பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னா நான் அம்மாகிட்டப் பேசணுமா, உப்பு பருப்பு விக்கிறவகிட்டப் பேசணுமா?"

"நான் உடனே ஓடிப்போய்ச் சொல்லிடுவேன் மிஸ்."

"நீ சான் பெர்னாண்டோவுக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தா?" மிஸ் கலெண்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணுக்கு மூச்சிரைப்பு வந்துது. அம்மாவுக்குப் போன் போட்டேன். மருந்து எடுத்துட்டு ஓடி வாங்கன்னேன். 'எஸ் மிஸ், எஸ் மிஸ்'னா, வச்சிட்டா. நானும் வாசலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன். அவளுக்கு நான் சொன்னதுல ஒரு வார்த்தை புரியலன்னு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. பொண்ணு பிழைச்சுது. எனக்குத்தான் தூக்கம் போச்சு."

நொயெமி இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. புரியாத இடத்தில் எல்லாம் அவள் அப்படித்தான் சிரிப்பாள்.

"இவகிட்டச் சொல்லு, ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை வரட்டும். தனியா. பத்து நிமிஷம் என்கூட இங்கிலீஷ்ல பேசட்டும். பேசிட்டா பொண்ணுக்கு இடம் உண்டு. இல்லன்னா அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும், கீழ் வகுப்புல சேர்க்க எனக்கு அனுமதி இல்ல."

நொயெமி தலையை ஆட்டினாள். "எஸ் மிஸ். எஸ் மிஸ்."

மிஸ் கலெண்டர் சுமினைப் பார்த்தார். சுமின் கூரையைப் பார்த்தாள்.

*

ஏழு வாரம் இருந்தது.

வில்மரை அனுப்பலாமா என்ற பேச்சு ஒரு நாள் மட்டும் நடந்தது. அவனுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் முழுவதும் கார்னெட்டின் மீன்படகில் கற்றது. எட்டு மீன் பெயர், நாற்பது கெட்ட வார்த்தை.

"அவன் தலைமையாசிரியை முன்னாடி வாயத் திறந்தா பொண்ணுக்கு இடம் கிடைக்காதுடி, இவனுக்குத்தான் கிடைக்கும், போலீஸ் ஸ்டேஷன்ல" என்றார் படகுக்காரர் கார்னெட். கடைப் பலகையில் சாய்ந்து அவர் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானே?" என்றாள் சுமின்.

"நான் வலை அறுந்தாத்தான் அப்படிப் பேசுவேன். அவன் குட் மார்னிங்குக்கே பேசறான்."

ஆகவே சுமினே வாத்தியாரானாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது ஃபார்மோடு படிப்பை நிறுத்தியவள். கடைக்கு வரும் படகுக்காரர்களிடம் பொறுக்கிய கொஞ்சம் ஸ்பானிஷும், தங்கை மகனின் பழைய பாலர் பாடப் புத்தகமும்தான் அவள் கைமுதல்.

நொயெமி விடியற்காலையிலிருந்து கடற்கரையில் மீன் ஆய்வாள். படகுகள் வந்ததும் கரிட்டே மீனும் வஞ்சிரமும் கல் மேடையில் குவியும். அவள் கத்தி போகிற வேகத்தில் செதில்கள் மழைத்தூறல் போலத் தெறிக்கும். பதினோரு மணிக்கு வேலை முடித்து, எலுமிச்சையும் சோப்பும் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு கடைக்கு வருவாள். தலைமுடியில் மட்டும் ஒன்றிரண்டு செதில் மினுக்கும். சுமின் அவளுக்கு ஒரு சாடா ரொட்டியும் தக்காளியைச் சுட்டு மசித்த சோக்காவும் வைப்பாள். நொயெமி சோள மாவில் பூரணம் வைத்துப் பொரித்த எம்பனாடா மூன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். தின்றுவிட்டுப் பாடம்.

"இது பூனை" என்று படத்தில் விரல் வைத்தாள் சுமின்.

"இது பூனை."

"பூனை பாய் மேல உக்காந்திருக்கு."

நொயெமி புத்தகத்தை மூடினாள். பிறகு ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினாள். "சுமின், நான் எங்க ஊர் குவிரியா ஆஸ்பத்திரியில பதினாலு வருஷம் பதிவுக் குமாஸ்தாவா இருந்தவ. ஒரு நாளைக்கு இருநூறு பேர் பேரு, வயசு, நோயி எழுதினவ. பூனை எங்க உக்காந்தா எனக்கென்ன? அந்த அம்மா என்கிட்டப் பூனையைப் பத்தியா கேக்கப்போறாங்க?"

சுமினுக்குப் பாதி புரிந்தது. கோபம் முழுதாகப் புரிந்தது.

டி.வி. போட்டுப் பார்த்தார்கள். ஓடுகிற ஓட்டத்தில் ஒன்றும் நிற்கவில்லை. வாடிக்கையாளர்களோடு பேசவிட்டாள் சுமின். எங்கள் ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு வாங்குவதில்லை. நொயெமி சிரித்துக்கொண்டே "எஸ், எஸ்" என்றாள். ஒருவர் இரண்டு ரொட்டி கேட்டார். அவள் மண்ணெண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

ஜூலைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. படகுகள் இறங்கவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். கடையில் ஆள் இல்லை. பகல் பன்னிரண்டரைக்கு ரேடியோவில் ஆர்கன் இசை கேட்டது. வழக்கம்போலச் சுமின் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். மரண அறிவிப்பு நேரம். எங்கள் தீவில் அந்த நேரத்தில் பேசுகிறவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள். சொந்தக்காரன் செத்ததே சில பேருக்கு அதில்தான் தெரியவரும்.

அறிவிப்பாளர் ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்து வைப்பதுபோல் வாசித்தார்:

"ராஞ்சோ கெமாடோ, நாற்பத்திரண்டாம் விளக்குக் கம்பம் அருகில் வசித்துவந்தவரும், 'புல்லட்' என எல்லோராலும் அறியப்பட்டவருமான கிளாட்ஸ்டன் பியர் காலமானார். அன்னார் எமெல்டாவின் கணவர். கெர்வினின் தந்தை. ரோஸ்மேரியின் சகோதரர்..."

முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

நொயெமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சுமின். இது... எனக்கு... புரியுது."

"எது?"

"ஆள் செத்தது. பேர் கிளாட்ஸ்டன். மனைவி எமெல்டா. கெர்வின் பையன். நாற்பத்திரண்டு... குச்சி?"

"கம்பம்! விளக்குக் கம்பம்! இங்க வீட்டுக்கு நம்பர் இல்ல, கம்பத்துக்குத்தான் நம்பர்!" சுமின் கைதட்டிவிட்டாள். செத்தவருக்காகத் தட்டியதுபோல் ஆகிவிட்டதே என்று உடனே மார்பைத் தொட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அதுதான் பாடம். காலை ஆறரை, பகல் பன்னிரண்டரை, மாலை ஆறு. நொயெமி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினாள். குமாஸ்தாக் கை சும்மா இருக்குமா? பேரு, ஊரு, கம்பம், தொழில், உறவுகள், அடக்கம் எத்தனை மணிக்கு, எங்கே என்று கட்டம் போட்டு எழுதினாள். முதல் தடவை வாசிக்கும்போது கேட்பாள், இரண்டாம் தடவை எழுதுவாள். மைத்துனி, சின்ன மாமனார், ஒன்றுவிட்ட பேத்தி எல்லாம் பத்தே நாளில் பிடிபட்டன. தையற்காரி, ஓய்வுபெற்ற தபால்காரர், கரும்புத் தோட்டத்து மேஸ்திரி, எல்லாத் தொழிலும் வந்தது.

"மிஸ் சுமின், ஒரு கேள்வி. இந்த நாட்டுல சாகறவங்க எல்லாரும் நல்லவங்க?"

"ரேடியோவுல வந்துட்டா நல்லவங்கதான் பொண்ணே."

"எல்லாருக்கும் ரெண்டு பேர். கிளாட்ஸ்டன், புல்லட். ஏன்?"

"கிளாட்ஸ்டன்னு சொன்னா அவர் பொண்டாட்டிக்கே யாருன்னு தெரியாது."

நொயெமி யோசித்தாள். "எனக்கு ரெண்டாவது பேர் இல்ல. நான் செத்தா யாருக்குத் தெரியும்?"

"ஸ்பீடி" என்றார் கார்னெட், சர்பத்தைக் கீழே வைக்காமலே. "நீ மீன் செதுக்கற வேகத்துக்கு அதான் பேரு. கரையில எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, உனக்குத்தான் புரியல." பிறகு சுமின் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நீ அவளுக்குப் பாடம் சொல்லித்தர்றியா, பிணம் எண்ணச் சொல்லித்தர்றியா?"

"உங்களுக்கு ஒரு நாள் எழுதத்தானே வேணும்? அவளே எழுதிடுவா."

"எழுதட்டும். 'புகழ்பெற்ற காதலர்'னு சேர்க்கச் சொல்லு."

"பொய் எழுத மாட்டேன், மிஸ்டர் கார்னெட்" என்றாள் நொயெமி. கடையே சிரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. இங்கிலீஷில் அவள் ஒருவரைச் சிரிக்க வைத்தது அதுவே முதல் தடவை.

வீட்டில்தான் நம்பிக்கை இல்லை. வில்மர் படகிலிருந்து வந்து, உப்பு பூத்த கையோடு அரேப்பா ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னான்: "நொயெமி, ஆசையை வளர்க்காதே. நடக்கலன்னா பாப்பாதான் அழும். அவ எண்ணிக்கிட்டே இருக்கா, இன்னும் எத்தனை நாள்னு."

"எண்ணட்டும். நானும் எண்றேன்."

"ரெண்டு வருஷமா வீட்டுக்குள்ளேயே இருக்கா. ஸ்பானிஷ்லேயே எழுத மறந்துட்டா."

"அதனாலதான் சொல்றேன், நீ சாப்பிடு, பேசாதே. எனக்கு ஆறு மணி ஆச்சு." ரேடியோவைத் திருகினாள் நொயெமி.

*

வெள்ளிக்கிழமை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நொயெமி வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். டயர்லினுக்கு இரட்டைப் பின்னல். சுமின் கடையை அரை நாள் பூட்டிவிட்டு வந்தாள்.

"நீ வெளியில இரு" என்றார் மிஸ் கலெண்டர் சுமினைப் பார்த்து. "கெரிஷா, பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஊஞ்சல் காட்டு."

ஆபீஸ் பெண் கெரிஷா டயர்லினைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனாள். சுமின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டைச் செங்கல் வழியே உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

"உக்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

நாற்காலி நகரும் சத்தம். நொயெமி உட்காரவில்லை, எழுந்து நிற்கிறாள் என்று சுமினுக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் துடைத்து வைத்து, அவள் ஆரம்பித்தாள்:

"வெனிசுலா குவிரியாவைச் சேர்ந்தவரும், கரிட்டே பே, பதினேழாம் விளக்குக் கம்பம் அருகில் வசித்துவந்தவரும், 'ஸ்பீடி' என எல்லோராலும் அறியப்பட்டவருமான நொயெமி மார்க்கானோ. அன்னார் வில்மரின் மனைவி. டயர்லினின் தாய். ஆனாவின், லூர்தெஸின் சகோதரி. ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரிக் குமாஸ்தா. சுமிந்த்ராவின், கார்னெட்டின், மற்றும் கரிட்டே பே மீன் கரை நண்பர்கள் அனைவரின் தோழி."

சுமின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து வாரமாகத் தினம் மூன்று வேளை கேட்டவளுக்கு, இது எப்படி ஒலிக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. ஊரே அவளுக்கு மைத்துனியையும் பேத்தியையும் சொல்லிக் கொடுத்தது. உயிரோடு இருப்பவர்கள் தங்களைப் பற்றி இப்படிச் சொல்வதில்லை என்று யாரும் சொல்லித் தரவில்லை.



"அடக்கம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் மிஸ் கலெண்டர்.

சுமின் கண்ணை மூடிக்கொண்டாள். அடக்கம் என்ற வார்த்தை நொயெமிக்குத் தெரியாததல்ல. அது இங்கே எதற்கு வந்தது என்று அவள் தேடுவதும், கண்டுபிடிப்பதும், அந்த மௌனத்திலேயே கேட்டது.

"இல்ல மிஸ்" என்றாள் கடைசியில். "அடக்கம் இல்ல. இப்ப சாக நேரம் இல்ல. என் பொண்ணு ஸ்கூல் போகணும்."

மிஸ் கலெண்டர் சிரித்தார். அந்த அம்மாள் சிரித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. சுமினும் பெஞ்சில் குலுங்கினாள்.

சிரிப்பு அடங்கியதும் மிஸ் கலெண்டரின் குரல் பழையபடி ஆனது. "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. ஆனா மனப்பாடத்தை நம்பி நான் ஒரு குழந்தைக்குப் பொறுப்பேத்துக்க முடியாது."

நொயெமி பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது.

"எடுங்க, பரவாயில்ல" என்றார் மிஸ் கலெண்டர்.

சுமின் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். மைதானத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு கெரிஷா போனில் பேசுகிறாள். பத்தடி தள்ளி டயர்லின் ஊஞ்சலில் ஆகாயத்துக்கும் பூமிக்கும் போய் வருகிறாள். கெரிஷாவின் உதடும், உள்ளே நொயெமியின் போனிலிருந்து கசிந்த குரலும் ஒன்றாக ஓடின.

"மிஸஸ் மார்க்கானோ ஸ்கூல்லருந்து பேசறேன் டயர்லின் ஊஞ்சல்லருந்து விழுந்துட்டா கையில அடி ரத்தம் வருது சாரோட கார்ல ஹெல்த் சென்டருக்குக் கூட்டிட்டுப் போறோம் கிளினிக் அட்டை எடுத்துட்டுப் பின் கேட்டுக்கு வாங்க!"

சுமின் துள்ளி எழுந்தாள். 'பொய்டி, பாப்பா நல்லா இருக்கா' என்று கத்த வாயெடுத்தாள். கத்தினால் எல்லாம் முடிந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாதே, 'எஸ், எஸ்'னு மட்டும் சொல்லிடாதே பொண்ணே.

"எ..." என்றாள் நொயெமி. நிறுத்தினாள்.

"நில்லு. எனக்குப் புரியல. மறுபடி சொல்லு. மெதுவா."

கெரிஷா மறுபடி சொன்னாள், கொஞ்சம் மெதுவாக.

"எந்தக் கை?"

"இ... இடது கை."

"ரத்தம் கொஞ்சமா, நிறையவா?"

"கொஞ்சம்தான்."

"கார் யாரோட கார்? பேர் என்ன?"

"லின்டன் சார்."

"பின் கேட்டு. கிளினிக் அட்டை என் பையில இருக்கு. வர்றேன். அவ பேசறாளா? போனை அவகிட்டக் குடு. எனக்கு அவ குரல் வேணும்."

இந்தக் கேள்விக்குப் பதில் யாரும் கெரிஷாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் போனைப் பிடித்தபடி ஆபீஸ் பக்கம் பரிதாபமாகப் பார்த்தாள்.

நொயெமி காத்திருக்கவில்லை. கதவு சுவரில் மோதியது. சுமினைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வராந்தாவில் பறந்தாள். ஒரு செருப்பு படியிலேயே கழன்றது. மைதானத்து மழைச் சேற்றில் பாதி தூரம் ஓடியவள், சட்டென்று நின்றாள்.

"மம்மா! பாரு, எவ்வளவு உசரம்!" என்று ஸ்பானிஷில் கத்தினாள் டயர்லின்.

நொயெமி முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினாள். பிறகு ஊஞ்சலிடம் போகவில்லை. திரும்பினாள். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் சேற்றோடும் வராந்தா ஏறி வந்தாள். வாசலில் வந்து நின்றிருந்த மிஸ் கலெண்டருக்கு எதிரே நின்றாள்.

"பொய்" என்றாள். "நீங்க சொல்லச் சொன்னீங்க. இந்தப் பொய்."

"மிஸஸ் மார்க்கா..."

"இல்ல. நான் பேசறேன். நீங்க கேளுங்க." அவள் குரல் உயர்ந்தது. ரேடியோக் குரல் எங்கோ போய்விட்டது. வார்த்தைகள் இடித்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக வந்தன. "படகுல வந்தோம். ராத்திரி முழுக்க. தண்ணி உள்ள வருது. என் கைல இவ கை. இந்த இடது கை. நான் விடல. விரல் நீலமாச்சு, விடல. நீங்க அந்தக் கைல ரத்தம்னு சொல்றீங்க. எதுக்கு? எனக்கு இங்கிலீஷ் இருக்கா பார்க்க. இது தப்பு மிஸ். பெரிய தப்பு. கேள்வி கேளுங்க. நூறு கேளுங்க, நான் உக்காந்து சொல்றேன். ஆனா இது மாதிரி இன்னொரு அம்மாவுக்குச் செய்யாதீங்க. எப்பவும் செய்யாதீங்க."

சுமின் தலையில் கை வைத்துக்கொண்டாள். 'போச்சு. ஏழு வாரமும் போச்சு. யார்கிட்டப் பேசறான்னு தெரிஞ்சுதான் பேசறாளா?' எங்கள் ஊரில் கிராம சபைத் தலைவரே மிஸ் கலெண்டர் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

மிஸ் கலெண்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நேராக நொயெமியைப் பார்த்தார். ஜூலையில் அவர் இவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் 'இவகிட்டச் சொல்லு' என்று சுமின் வழியாகத்தான்.

"தப்புதான், மிஸஸ் மார்க்கானோ" என்றார். "நான் அந்த ஒரு மணி நேரத்தையே நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்களை நினைக்கல. மன்னிச்சுக்கோங்க. இனிமே செய்ய மாட்டேன்."

நொயெமி மூச்சிரைக்க நின்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கழன்ற செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மூணு வருஷமா நான் இதே போனைப் பண்ணச் சொல்றேன்" என்றார் மிஸ் கலெண்டர், இப்போது சுமினிடம், மெல்ல. "இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவங்ககூட, குழந்தை குரல் கேக்கணும்னு சொன்னதில்ல." உள்ளே போனார். இழுப்பறை திறக்கும் சத்தமும், கனமான பதிவேடு மேசையில் விழும் சத்தமும் கேட்டன. "டயர்லின்ங்கற பேரை எப்படி எழுத்துக் கூட்டறதுன்னு பொண்ணே வந்து சொல்லட்டும். வகுப்பு ரெண்டு. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை."

சுமின் அழுதுவிட்டாள். மேல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நொயெமியைத் தோளோடு அணைத்தாள். "அடிப்பாவி, எங்கடி வச்சிருந்தே இவ்வளவு இங்கிலீஷை? ஒண்ணுகூட நான் சொல்லிக்குடுக்கலையே."

"எனக்குத் தெரியாது" என்றாள் நொயெமி. "கோபம் கொண்டுவந்துது."

டயர்லின் ஓடி வந்தாள். மிஸ் கலெண்டரின் மேசைக்கு முன் நின்று தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்தவளைப் படியில் உட்காரவைத்து, நொயெமி அவள் இடது கையை எடுத்து, தோளிலிருந்து விரல் நுனிவரை தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் வலது கையையும் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வா, துணி வாங்கணும். கடை மூடறதுக்குள்ள போகணும்."

மூன்று பேரும் கேட்டைத் தாண்டும்போது ஆபீஸ் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"மிஸஸ் மார்க்கானோ! திங்கட்கிழமை எட்டு மணிக்கு. ஒரு நிமிஷம் தாமதம்னாலும் கேட்டைப் பூட்டிடுவேன்!"

சுமின் வழக்கம்போல நொயெமியின் பக்கம் சாய்ந்து, தன் ஓட்டை ஸ்பானிஷில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நொயெமி திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஆட்டினாள்.

"நான் ஏழரைக்கே வந்து நிப்பேன் மிஸ். நீங்க சாவியோட வாங்க!"